பாயும் பாட்டும்

செய்யூர் பஸ் நிறுத்தத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் கட்சி பேனர், காதுகுத்து பேனர், கன்வென்ஷன் பேனர் என்று வரிசையாகத் தெரியும். கன்வென்ஷன் பேனரில் பிரசங்கியார் படத்தைவிடப் பாடகர் படம் பெரிதாக இருக்கும். பல இடங்களில் இரண்டு பேரும் ஒரே ஆள்தான். பாடிக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே பாடுவார், ஜனம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். நான் குறை சொல்லவில்லை. நன்றாகப் பாடுகிறவர்கள் அவர்களில் உண்டு.

எங்கள் சபைப் பிள்ளைகள் சிலருக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. "ஐயா, பாட்டையே ஊழியமாக எடுத்துக்கொண்டு பிழைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீர்த்தனை எடுத்துக் கொடுக்கிறவன். பிழைப்புக்கு வழி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே தமிழில் அப்படி வாழ்ந்து காட்டிய ஒருவரைத் தெரியும். நீங்கள் வாரந்தோறும் பாடுகிற பாட்டுகளில் பல அவருடையவை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். அவர் வாழ்க்கையை முழுதாகக் கேளுங்கள். இனிப்பான பகுதியோடு நிறுத்திவிட்டால் அது பேனர் ஆகிவிடும்.

1774 செப்டம்பர் 7ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தகப்பனார் தேவசகாயம், உபதேசியார். ஜெர்மனியிலிருந்து வந்து தஞ்சாவூரில் ஊழியம் செய்துகொண்டிருந்த சுவார்ட்ஸ் ஐயர் தெற்கே போனபோது இந்தப் பையனைப் பார்த்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். நான் படிக்க வைக்கிறேன் என்று தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள். பெற்ற பிள்ளையை அப்படி அனுப்பிவைத்த தகப்பனைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

தஞ்சாவூரில் சுவார்ட்ஸின் பராமரிப்பில் இன்னொரு பையனும் இருந்தான். அவன்தான் பிற்பாடு 1798இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி. இளவரசனும் உபதேசியார் மகனும் ஒரே குருவிடம் பாடம் கேட்டார்கள். பிறகு வேதநாயகம் தரங்கம்பாடிக்குப் போய் வேதசாஸ்திரம் படித்தார். 1794இல், இருபது வயதுக்குள்ளாகவே, சுவார்ட்ஸின் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். குருப்பட்டம் பெற்ற ஐயர் அல்லர் அவர். ஆசிரியர், பாடகர், பாட்டிலேயே பிரசங்கம் பண்ணியவர். சுவிசேடக் கவிராயர் என்று ஜனங்கள் அழைத்தார்கள்.

இனி அவர் பாட்டுகளுக்கு வருவோம். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார் என்பதைவிட, எதை எதை எடுத்துக்கொண்டு எழுதினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அந்தக் காலத்தில் ஊர் எங்கும் ஆடிக்கொண்டிருந்தது குறவஞ்சி. அதை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பண்ணினார், 1800இல். தலைவி, தோழி, குறி சொல்லும் குறத்தி எல்லாம் உண்டு, தலைவன்தான் வேறு. குறவஞ்சியின் கடைசியில் சிங்கன் வலை வீசிப் பறவை பிடிப்பான் அல்லவா? சாஸ்திரியாரின் சிங்கன் மீன் பிடிக்கிறான். மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன் என்று கலிலேயாக் கடலோரத்தில் சொல்லப்பட்டதைக் குறவஞ்சியின் வலைக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். போதாததற்கு, பள்ளியில் படித்த வானசாஸ்திரமும் பூகோளமும் அதே நூலுக்குள் பாட்டாக வருகின்றன. நோவா பேழை செய்த கதையைத் தச்சு வேலையோடு சேர்த்து ஞானத்தச்ச நாடகமாக்கினார். களவாடிக் காலிழந்த நொண்டி தன் கதையைத் தானே சொல்லும் நொண்டி நாடகம் அன்று பிரபலம். அதிலிருந்து ஞான நொண்டி நாடகம். பெண்கள் கும்மி அடிக்கிறார்களா, அந்தத் தாளத்தில் சகுனத்தையும் குருட்டு நம்பிக்கைகளையும் கிண்டல் பண்ணிச் சாஸ்திரக்கும்மி. வயலில் ஏற்றம் இறைக்கிறவன் எண்ணிக்கைக்காகப் பாடுகிற பாட்டையும் விடவில்லை. ஞான ஏற்றப்பாட்டு என்று ஒன்று செய்தார்.

இளவரசனோடு படித்தவருக்கு ஏற்றக்காரனின் மெட்டு எப்படிக் காதில் விழுந்தது? நின்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். எங்கள் கொயர் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சண்டை போடுவது இதற்காகத்தான். சென்னையில் யாரோ போட்ட டிராக்கை மொபைலில் இறக்கி, அதன்மேல் பாடிவிட்டு, புதுப் பாட்டு என்கிறீர்கள். ஓதியூர்க் கழியில் வலை இழுக்கிறவர்களுக்கு ஒரு தாளம் இருக்கிறது. நடவு நடும் பெண்களுக்கு ஒன்று இருந்தது. சாவு வீட்டு ஒப்பாரியில் நீங்கள் மியூசிக் கிளாஸில் காசு கொடுத்தும் கற்க முடியாத நெளிவுகள் இருக்கின்றன. கீபோர்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வயலின் நம் கச்சேரிக்குள் வந்ததே சரபோஜி அரண்மனையை ஒட்டிய அந்தக் காலத்தில்தான். வெளியிலிருந்து வருவது வரட்டும், வீட்டிலிருப்பது காதில் விழ வேண்டும்.

அமெரிக்காவில் தாமஸ் டார்சி என்று ஒருவர் இருந்தார். போதகர் மகன், ஆனால் இரவு விடுதிகளில் புளூஸ் வாசித்துப் பிழைத்தவர். 1932இல் பிரசவத்தில் மனைவியும், தொடர்ந்து அந்தக் குழந்தையும் இறந்துபோனார்கள். அந்தத் துக்கத்தில் அவர் செய்த பாட்டை இன்று உலகம் முழுக்கப் பாடுகிறார்கள். அவர் ஆரம்பத்தில் பாட்டை எடுத்துக்கொண்டு போனபோது, இது சாராயக்கடை இசை என்று சிகாகோவின் கறுப்பினச் சபைகளே பல கதவைச் சாத்தின. தெருவின் மெட்டைக் கோயிலுக்குள் கொண்டுபோனால் எந்த ஊரிலும் முதலில் இதுதான் நடக்கும் போலிருக்கிறது. சாஸ்திரியாருக்கும் நடந்தது. அதற்கு வருகிறேன், முதலில் பிழைப்பு. நீங்கள் கேட்டது அதைத்தானே.

பாடிப் பிழைப்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய நூல்களில் ஒன்று நம் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை. அந்த இடைக்கழிநாடு இன்று செய்யூர் தாலுகாவில்தான் இருக்கிறது. தர்பூசணி ஏற்றிய லாரிகள் வருகிற அதே இடம். சிறிய யாழ் வைத்திருக்கும் பாணனை, நல்லியக்கோடனிடம் போ, பரிசு தருவான் என்று வழிகாட்டுகிற பாட்டு அது. போகிற வழியில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பார்கள். அதில் பாணனின் வீட்டு அடுக்களை வருகிறது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்தால் வெட்கம் என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து சாப்பிடுகிறாள். உப்பளம் சூழ்ந்த கரையில் வாழ்ந்த புலவர் உப்பில்லாக் கீரையைப் பாடியிருக்கிறார். இந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் நான் வகுப்பை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லுவேன். பாடகன் வீட்டு உப்புக்கு எப்போதும் இன்னொருவன்தான் மனசு வைக்க வேண்டியிருந்தது.

சாஸ்திரியாருக்கு அந்த இன்னொருவர் இரண்டு பேர்: மிஷன் ஒன்று, அரண்மனை ஒன்று. மிஷனில் ஆசிரியர் வேலை, சம்பளம். அரண்மனையில் கூடப்படித்த ராஜா. அதே சரபோஜியைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடப்பட்டு, பெரிய கோயிலில் ஆடப்பட்டது. ஊர் ஒன்று, காலம் ஒன்று, இலக்கிய வகையும் ஒன்று. அங்கே அந்தக் குறவஞ்சி, இங்கே பெத்லகேம் குறவஞ்சி. இரண்டையும் தஞ்சாவூர் தாங்கியது. மகள் ஞானதீபம் அம்மாளும் பாடுவார். குடும்பமே ஒரு கச்சேரிக் கூட்டம் மாதிரி.

1798இல் சுவார்ட்ஸ் இறந்துபோனார். அவருக்குப் பின் சில பத்தாண்டுகள் கழித்து வந்த புது மிஷனரிகள் வேறு மாதிரி ஆட்கள். பழையவர்கள் அனுமதித்த பலவற்றை இவர்கள் மாற்றத் தொடங்கினார்கள். 1820களில் சண்டை முற்றியது. சாஸ்திரியார் பேனாவை எடுத்துப் புது ஐயர்மார் செய்யும் கொடுமைகள் நான்கு என்று எழுதினார். பழகிப்போன தமிழ் வேதாகமத்தைத் திருத்துகிறார்கள் என்பது ஒன்று. கலியாணம், சாவு, பண்டிகை ஆகியவற்றில் பூ வைக்கும் வழக்கத்தைத் தடுக்கிறார்கள். ஆராதனையில் தமிழ்ப் பாட்டைத் தள்ளுகிறார்கள். நான்காவது, எல்லாச் சாதியாரையும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள்.

படித்தீர்களா? முதல் மூன்றைக் கேட்கும்போது நமக்கு ரத்தம் கொதிக்கிறது. பூ என்ன பாவம் செய்தது? நம் நாக்கில் நம் பாட்டு வரக்கூடாது என்று சொல்ல இவர்கள் யார்? வேதாகமத் திருத்தத்தில் வேண்டுமானால் இரண்டு பக்கமும் பேச இடமுண்டு. ஃபபிரிசியஸ் மொழிபெயர்ப்பு அவருக்குத் தாய்ப்பால், ரேனியஸ் மொழிபெயர்ப்பு புது ஜனத்துக்கு எளிது. தமிழ்ப் பாட்டு விஷயத்தில் சந்தேகமே இல்லை, அவர் பக்கம்தான் நியாயம். அவர் மட்டும் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் நாம் இன்றும் பாமாலை ராகங்களில் மட்டும் கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருப்போம்.

நான்காவதோ?

அந்தக் காலத்துத் தஞ்சாவூர்க் கோயிலில் வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். தரையில் விரித்த பாய் வேறு வேறு. நற்கருணைக்கு வருவதிலும் முன்பின் உண்டு. புதிய மிஷனரிகள் இதை எடுத்துப்போடச் சொன்னார்கள். சாஸ்திரியார் ஒப்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயரே இதைப் பொறுத்துக்கொண்டார். இது உலக வழக்கம், மதத்தோடு சம்பந்தமில்லை. உங்கள் ஐரோப்பாவில் மட்டும் பிரபுவும் கூலிக்காரனும் ஒன்றாகவா உட்காருகிறார்கள் என்று வாதாடினார். வாதம் கூர்மையானது. கடைசிக் கேள்விக்கு அந்த வெள்ளைக்காரர்களிடம் நேரான பதில் இருந்திருக்காது. ஆனாலும் அது பாயை விட்டு நகராத ஒருவரின் வாதம். சகுனம் பார்க்கிறவனைக் கும்மியடித்துச் சிரித்தவர், பக்கத்துப் பாயைப் பார்க்கும்போது சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இதை நான் அவருடைய வயதான காலத்துக் கோளாறு என்று ஒதுக்கிவிட மாட்டேன். அப்படி ஒதுக்குவது சுலபம். அவர் சிந்தித்துத்தான் எழுதினார். ஆதாரம் காட்டித்தான் எழுதினார். தமிழ்ப் பாட்டுக்காகப் போராடிய அதே அழகான நடையில், ஒரே மூச்சில் எழுதினார். நியாயமான கோபமும் அநியாயமான கோபமும் ஒரே மனுவில், ஒரே கையெழுத்தில் வந்தன. பிள்ளைகளா, உங்கள் வாழ்க்கையிலும் மனுக்கள் அப்படித்தான் வரும். சங்கம், சபை, கட்சி எதுவானாலும் நாலு கோரிக்கை இருக்கும். மூன்று உங்கள் நெஞ்சைத் தொடும். நாலாவது யாருடைய தலையில் விழுகிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

1829இல் மிஷன் வேலை போயிற்று. சரபோஜி கைவிடவில்லை, அரண்மனைப் புலவராக வைத்துக்கொண்டார். அந்த ராஜாவும் 1832இல் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். 1835 தொடக்கத்தில் தஞ்சாவூருக்கே வந்தார். பலர் சபையை விட்டு வெளியே போனார்கள்.

நம் ஜில்லா இந்தக் கதையில் எங்கே என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சாஸ்திரியார் எழுதியதற்கு அறுபது வருஷம் கழித்து, 1891இல், செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சொந்தமாகக் குடிசை போடக்கூட நிலமில்லை, பண்ணையாரின் தயவில்தான் மூச்சு என்பதை ஆங்கில அரசின் மேஜையில் கொண்டுபோய் வைத்த காகிதம் அது. 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடி. அந்தக் காலத்தில்தான் ஸ்காட்லாந்து மிஷனும் செங்கல்பட்டு வட்டாரச் சேரிகளில் நடந்தது. எங்கள் தாத்தாமார் சபைக்குள் வந்தது அந்த வழியாக. அதாவது, தஞ்சாவூர்க் கோயிலில் சாஸ்திரியாரின் பாயில் உட்கார முடியாத ஜனம் நாங்கள். அவர் மெட்டை எங்கள் கிழவிகள் எழுத்து தெரியாமலே மனப்பாடம் பண்ணி, நாற்று நடும்போது பாடினார்கள். பாய்க்குக் காவல் வைத்த மனிதர் பாட்டுக்குக் காவல் வைக்கவில்லை, வைத்திருந்தாலும் நின்றிருக்காது.

நர்சிங் படிக்கிற ஒரு பெண் இதைக் கேட்டதும், "அப்படியானால் அவர் பாட்டை நாம் ஏன் தாத்தா பாட வேண்டும்? நிறுத்திவிடலாமே" என்றாள். நல்ல கேள்வி. பாட்டு வேறு, ஆள் வேறு என்று மழுப்ப எனக்கு இஷ்டமில்லை. பாட்டை அந்த ஆள்தான் எழுதினார், அந்தப் பக்தி பொய்யில்லை. நான் சொன்னது இதுதான்: உன் பாட்டி அதைப் பாடியபோது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நீ அதைத் திருப்பிக் கொடுத்தால் பாட்டியின் சொத்தைத் திருப்பிக் கொடுப்பது போலாகும். பாடு. பாடும்போது அவர் என்ன எழுதினார் என்பதையும் தெரிந்துகொண்டு பாடு. அவள் முழுதாக ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கடந்த மாசம் கீர்த்தனைப் புத்தகத்தில் அவருடையது இல்லாத பாட்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் பாயைச் சுருட்டிவிட்டதாக மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் இன்றும் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச்சுவர் நிற்கிற ஊர் இருக்கிறது. பாடப் போகிற இடத்தில் மேடையிலிருந்து பார்த்தால் இந்த மாதிரி விஷயங்கள் நன்றாகத் தெரியும். யார் முன்வரிசை, யார் செருப்பு வைக்கும் இடத்துப் பக்கம், சாப்பாட்டுப் பந்தியில் யாருக்குக் கடைசி என்று பாடுகிறவன் கண்ணுக்குத் தெரியாமல் போகாது. நீங்கள் அந்தப் பாயில் உட்காருகிறவர்களா, வெளியே நிற்கிறவர்களா என்பதைப் பொறுத்து உங்களுக்கு வேலை கொஞ்சம் மாறும்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை போன பின்னும் சாஸ்திரியார் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார், எழுதினார், பாடினார். தஞ்சாவூரில் தள்ளிய தமிழ்ப் பாட்டை மதுரைப் பக்கம் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தேடிக்கொண்டு வந்தார். இந்தக் கீர்த்தனைகள்தான் ஜனத்துக்குப் பிடிக்கும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. 1853இல் அவர் அச்சிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாட்டுகள் ஏறின. அப்போது கவிராயருக்கு எண்பதை நெருங்கும் வயது. நீங்கள் கையில் வைத்திருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தின் பாட்டன் அந்தத் தொகுப்பு. 1864 ஜனவரி 24ஆம் தேதி தஞ்சாவூரில் இறந்தார். இருபதாம் நூற்றாண்டில் ஈரோட்டில் இருந்த பாப்லி என்ற வெள்ளைக்கார ஐயரே நம் ராகங்களைக் கற்றுக் கதாகாலட்சேபம் பண்ணினார்; இந்திய இசையைப் பற்றி 1921இல் புத்தகமும் எழுதினார். தள்ளியவர்களின் வாரிசுகளே தேடி வந்து கற்றுக்கொண்டார்கள் என்று சிரித்துக்கொள்ளலாம். சாஸ்திரியார் அதைப் பார்க்க இல்லை. அதனால்தான் பிழைப்பைப் பற்றிக் கேட்டபோது நான் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களும் நிறுத்தியவர்களும் போய்விட்டார்கள், அவர் பாட்டு நிற்கிறது. இதை ஆறுதலாகவும் எடுத்துக்கொள்ளலாம், எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒரு தொழில் இருந்தால் ஆறுதலாக எடுத்துக்கொள்வது சுலபம். எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்த பாடகன் யார் மேடைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மைக் பழுதானாலும் அவனே சரி செய்துகொள்வான்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். ஞான ஏற்றப்பாட்டு புத்தகத்தில் இருக்கிறது. மெட்டு? மோட்டார் வந்ததும் ஏற்றம் போயிற்று, ஏற்றத்தோடு பாட்டும் போயிற்று. சூனாம்பேடு, பவுஞ்சூர், கடப்பாக்கம் பக்கம் ஏற்றம் இறைத்த கைகள் இன்னும் சில இருக்கலாம். என்னைவிடப் பெரியவர்கள், எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் எந்தச் சபையாகவும் இருக்க வேண்டாம், எந்தச் சாமி கும்பிட்டாலும் சரி. லீவு நாளில் இரண்டு பேர் சேர்ந்து போங்கள். மொபைலை எடுத்ததும் நீட்டாதீர்கள்; முதலில் சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள், திண்ணையில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே உட்காருங்கள். எத்தனை சாலுக்கு ஒரு அடி முடியும், மூச்சு எங்கே வாங்குவார்கள், மேலே ஏறி மிதிக்கிறவர் பாடுவாரா, கீழே சாலைப் பிடிக்கிறவர் பாடுவாரா என்று விசாரியுங்கள். பதிவு பண்ணியதை எனக்கு அனுப்புவதற்கு முன்னால் பாடியவருக்கே ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.